நிருஷனுக்கு நேரம் கேட்டவர்கள்

இந்த உலகத்தில் நீதி என்ற சாமான் இன்னும் முழுதாகத் தீர்ந்துபோகவில்லை. கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அது கண்டாவளைக்கு உள்ளே, கிரவல் வீதி முடிகிற இடத்தில், வெண்நாரை விளையாட்டுக் கழகத்தின் தகரக் கொட்டகைக்குள் பத்திரமாக இருக்கிறது. ஒருவரும் எடுத்துப் பாவிப்பதில்லை என்பதால் தேயவும் இல்லை.

நான் யாரையும் இலேசில் நம்புகிற ஆள் இல்லை. வானொலியில் மழை வரும் என்றால் நெல்லைக் காயப் போடுவேன். உர மூட்டையில் ஐம்பது கிலோ என்று அச்சடித்திருந்தால் தராசில் ஏற்றிப் பார்ப்பேன். என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனது. அதனால் எழுத்தில் இருப்பதை நம்புகிற பழக்கம் எனக்கு வரவே இல்லை. அப்படிப்பட்ட இந்த இளையதம்பியே எங்கள் கழகத்தின் நிர்வாகக் குழுவை நம்புகிறான் என்றால், அவர்கள் எப்பேர்ப்பட்டவர்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னை அந்தக் கழகத்துக்குக் "காப்பாளர்" ஆக்கியிருக்கிறார்கள். மைதானத்துக்குப் பக்கத்து வயல் என்னுடையது. பந்து வந்து விழுந்தால் நான் ஏசக்கூடாது என்பதற்காகத் தந்த பதவி அது. காப்பாளர் என்றால் என்ன வேலை என்று செயலாளர் பிரதீபனைக் கேட்டேன். பிரதீபன் தொலைபேசிகளுக்குக் காசு போட்டுக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறான்.

"விழா எண்டால் மேடையிலை கதிரை போடுவம் ஐயா. நீங்கள் வந்து இருக்கவேணும்."

"வேறை?"

"எழும்பக்கூடாது."

வேலை எனக்குப் பிடித்துக்கொண்டது.

இனி நிருஷனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பொடியன். இரஞ்சிதத்தின் ஒரே மகன். தலைநகரத்தில் ஒரு பெரிய கழகத்துக்குப் பந்து விளையாடுகிறான். நடுக்களத்தில் நிற்கிற ஆட்டக்காரன். அது என்ன இடம் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. கோல் அடிக்கிறவனும் இல்லை, கோல் காக்கிறவனும் இல்லை, இடையில் நின்று என்ன செய்கிறான் என்று கேட்டேன். பிறகு ஒருநாள் பார்த்தேன். வாய்க்காலில் தண்ணீர் வரும்போது மண்வெட்டியோடு நின்று, இந்த வயலுக்கு இவ்வளவு, அந்த வயலுக்கு அவ்வளவு என்று வெட்டி விடுகிறானே ஒருவன், அவன்தான் இவன். அவன் சரியாக நின்றால் எல்லா வயலும் விளையும். பெயர் மட்டும் வயல்காரனுக்குப் போகும்.

கழகத்துக்கு அவன் விளையாடுகிற விளையாட்டைப் பார்த்துத் தேசிய அணியில் சேர்த்தார்கள். சேர்த்தார்கள், இறக்கவில்லை. மைதான ஓரத்தில் மாற்று ஆட்டக்காரர் இருக்கிற வாங்கில் இருத்தி வைத்தார்கள். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில், சனம் எழும்பிச் செருப்பைத் தேடுகிற நேரத்தில், "போ தம்பி" என்று இறக்கிவிட்டார்கள். போன மூன்று ஆட்டத்திலும் இதுதான் கதை.

இந்த அநீதியை உலகத்தில் முதன்முதலாகக் கண்டுபிடித்தது ஆதம்பாவாவின் தேத்தண்ணிக் கடையில்தான்.

"எட்டு நிமிசம்!" பிரதீபன் மேசையில் குத்தினான். "எட்டு நிமிசத்திலை ஒரு மனிசன் என்னத்தைச் செய்யிறது? ஒரு முட்டை அவியுமோ?"

"அவியும்," என்றார் ஆதம்பாவா, தேத்தண்ணியை உயர்த்தி ஆற்றிக்கொண்டு. "நடு மஞ்சள் மட்டும் கொஞ்சம் இளகலா இருக்கும்."

"ஆதம்பாவா நானா, நாங்கள் உரிமையைப் பற்றிக் கதைக்கிறம்."

"முட்டையைக் கொண்டுவந்தது நீங்கள்தானே."

"தம்பி, நீ அந்த மட்சைப் பாத்தனியோ?" என்று நான் கேட்டேன்.

"பாக்கத் தேவையில்லை ஐயா. புள்ளிவிபரம் இருக்கு."

அங்கே இருந்த ஒருவரும் பார்க்கவில்லை. ஆட்டம் நடந்த நேரம் ஊரில் மின்சாரம் இல்லை. எங்கள் ஆட்கள் இதனால் தளர்ந்துபோகிறவர்கள் அல்ல. பார்த்தவன் பார்த்ததை மட்டும்தான் சொல்லலாம். பாராதவன் எல்லாவற்றையும் சொல்லலாம். பிரதீபன் அந்தப் பயிற்றுநரின் மூளைக்குள் இருந்ததைக்கூடச் சொன்னான்.

கழகத் தலைவர் அப்புத்துரை அப்போதுதான் கடைக்குள் வந்தார். ஏதோ ஒரு அரசாங்கக் கந்தோரில் பிரதம இலிகிதராக இருந்து ஓய்வுபெற்றவர். வாயைத் திறந்தால் சுற்றறிக்கை வரும்.

"இது திட்டமிட்ட நேர மறுப்பு," என்றார், கதிரையில் இருக்க முதலே. "இதுக்கு நாங்கள் மௌனமா இருந்தால், வருங்காலச் சந்ததி எங்களைப் பாத்துக் கேள்வி கேக்கும்."

வருங்காலச் சந்ததிக்கு வேறு வேலை இருக்காதோ என்று எனக்குப் பட்டது. ஆனால் காப்பாளர் குறுக்கே பேசக்கூடாது.

பாதிக்கப்பட்டவனிடமே கேட்டுவிடுவது என்று முடிவெடுத்தார்கள். பிரதீபன் நிருஷனுக்கு அழைப்பெடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாத்தி வைத்தான்.

"தம்பி, உனக்குப் பெரிய அநியாயம் நடக்குது."

"ஆருக்கண்ணை?"

"உனக்குத்தானடா."

"சீச்சீ, அப்பிடி இல்லையண்ணை. மாரி மழைக்கை கணுக்கால் பிரண்டதெல்லோ. அதுக்குப் பிறகு நான் இன்னும் ஒரு முழு மட்ச் ஓடேல்லை. கோச் சொல்லுறது சரிதான்."

அப்புத்துரை பாய்ந்து தொலைபேசியின் வாயைப் பொத்தினார். "விளங்குதோ? பொடியனை வெருட்டி வைச்சிருக்கினம்."

பொத்திய கைக்குள்ளிருந்து நிருஷன் தொடர்ந்து கதைத்துக்கொண்டிருந்தான். கையை எடுத்தபோது இவ்வளவு கேட்டது: "...முழு மட்ச் ஒண்டு விளையாடிப்போட்டு வந்து, கால் தாங்கினதெண்டு சொல்லு, அடுத்த ஆட்டத்துக்குத் துவக்கத்திலேயே இறக்கிறன் எண்டவர். இஞ்சை இப்ப கழக மட்ச் ஒண்டும் இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் லீவு தந்திருக்கினம். நான் ஊருக்கு வாறன். நாயாத்து அணிப் பொடியளைக் கூப்பிட்டு ஒரு மட்ச் வைப்பியளோ அண்ணை? தொண்ணூறு நிமிசம் ஓடவேணும். வேறை ஒண்டும் வேண்டாம்."

வேறு ஒன்றும் வேண்டாம் என்று அவன் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. கேட்ட உடனே, வேறு என்னென்ன வைக்கலாம் என்று எல்லாரும் யோசிக்கத் தொடங்கினார்கள்.

அன்று பின்னேரமே நிர்வாகக் குழு கூடியது. அந்தக் கூட்டத்தைப் போல ஒரு கூட்டம் இனி நடக்குமோ தெரியாது. தேசிய வீரன் ஒருவன் ஊருக்கு வருகிறான். வெறுமனே பந்தைப் போட்டு விளையாட விடுவதா? ஊருக்கு மானம் இல்லையா? "மாபெரும் கௌரவிப்பு விழாவும் நேர மறுப்புக்கு எதிரான கண்டன உரைகளும் சிநேகபூர்வ உதைபந்தாட்டமும்" என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். பந்தாட்டம் கடைசியில் இருந்ததை நான் கவனித்தேன். பந்தியில் பாயாசமும் கடைசியில்தான் வரும், அதனால் அது குறைந்ததா என்று அப்புத்துரை விளக்கினார். சரிதான் என்று பட்டது. கடைசிப் பந்திக்குப் பாயாசம் முடிந்துபோவதும் உண்டு என்பது எனக்கு அந்த நேரம் ஞாபகம் வரவில்லை.

பிறகு யார் யார் பேசுவது என்ற கேள்வி வந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு முறை இருக்கிறது. ஒரு சங்கத்துக்கு மாலை போட இடம் கொடுத்தால் மற்றச் சங்கத்துக்கும் கொடுக்க வேண்டும். மாலை போட்டவர் வெறும் வாயோடு இறங்கக்கூடாது. ஒலிவாங்கியைப் பிடித்து இரண்டு சொல் சொல்ல வேண்டும். விடுபட்ட சங்கம் அடுத்த செத்தவீட்டுக்கும் வராது.

"கமக்காரர் அமைப்பு, மாதர் சங்கம், வர்த்தகர் சங்கம்," என்று பிரதீபன் எண்ணினான். "மரண உதவிச் சங்கத்தைக் கூப்பிடுறதோ? பொடியன் உயிரோடையெல்லோ இருக்கிறான்."

"கூப்பிடாட்டில் கோவிப்பினம்," என்றார் பொருளாளர். "பேந்து எங்களுக்கு ஒரு தேவை வந்தால்?"

"நேரம் போகாதோ?" என்று நான் வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

அப்புத்துரை என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. "இளையதம்பியர், நேரம் மறுக்கப்பட்ட ஒருத்தனுக்காக நாங்கள் விழா எடுக்கிறம். அதிலை இன்னொருத்தருக்கு நேரத்தை மறுக்கலாமோ? எங்கட விழாவிலை ஒருத்தரையும் வாங்கிலை இருத்தி வைக்க மாட்டம்."

எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். இவ்வளவு பெரிய கொள்கையை இவ்வளவு சின்னக் கொட்டகைக்குள் நான் கண்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நிருஷன் காலை பஸ்ஸில் வந்து இறங்கினான். விளையாட்டு உடுப்போடுதான் வந்தான். சப்பாத்தைக் கயிற்றில் கட்டித் தோளில் போட்டிருந்தான். சாப்பிட்டு, காலுக்குத் துணி சுற்றி, மத்தியானம் தாண்டியதும் மைதானத்துக்கு வெளிக்கிட்டான். வீட்டு வாசலில் பெட்டி பூட்டிய லான்ட்மாஸ்டர் உழவு மெஷின் நின்றது. பெட்டியில் வாழைக்குட்டி கட்டி, நடுவில் கதிரை வைத்திருந்தார்கள்.

"என்னண்ணை இது?"

"ஊர்வலம்," என்றான் பிரதீபன். "ஏறு."

"கிறவுண்ட் உந்தா தெரியுதே. நான் ஓடிப் போறன். காலும் சூடாகும்."

"தேசிய வீரன் ஓடிப்போறதோ? ஏறடா."

ஏறினான். முன்னால் பறை மேளம் போனது. மேளக்காரர் நடக்கிற வேகத்துக்குத்தான் உழவு மெஷின் போக வேண்டும்; மேளக்காரர் ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் நின்றார். படலைக்குப் படலை மாலை, பொன்னாடை. நாங்கள் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நாயாற்று அணி வந்து, உடம்பைச் சூடாக்கி, அது ஆறி, திரும்பச் சூடாக்கிக்கொண்டிருந்தது.

அவர்களுடைய தலைவன் சுகிர்தன் மீன்பிடிக்கிற பொடியன். என்னிடம் வந்தான். "ஐயா, எங்களுக்கு விடிய முதல் கடல். பொழுதுபட முதல் வெளிக்கிட்டால்தான் சரி. கெதியா ஆரம்பிக்கச் சொல்லுங்கோ."

நான் அப்புத்துரையிடம் சொன்னேன். "இப்ப முடிஞ்சிடும்," என்றார். தொடங்காத ஒன்று எப்படி முடியும் என்று நான் கேட்கவில்லை.

மேடையில் நிருஷனை நடுக்கதிரையில் இருத்தினார்கள். இரண்டு பக்கமும் நாங்கள் இருந்தோம். மங்கல விளக்கு ஏற்றினோம்; வயல்காற்று அணைத்தது; திரும்ப ஏற்றினோம். திரும்ப அணைத்தது. ஏற்றினதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. அகவணக்கம் செலுத்தினோம். அந்த அகவணக்கத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன். அந்த விழாவில் ஒருவரும் பேசாமல் இருந்த ஒரே இடம் அது.

பிறகு அப்புத்துரை தலைமையுரைக்கு எழும்பினார்.

"நேரத்தின் அருமை கருதி," என்று தொடங்கினார், "மிகச் சுருக்கமாக என் உரையை அமைத்துக்கொள்கிறேன்."

உதைபந்தாட்டம் எப்படித் தோன்றியது என்பதிலிருந்து தொடங்கினார். சீன தேசத்தில் தோலுக்குள் மயிரை அடைத்து உதைத்தார்களாம். அங்கேயிருந்து இங்கிலாந்துக்கு வந்து, கப்பலேறி, இலங்கைக்கு வந்து சேர்வதற்குள் எனக்கு ஒரு தூக்கம் முடிந்துவிட்டது. நான் கண்ணைத் திறந்தபோது, "ஒரு விளையாட்டு வீரனின் உயிர் எது? நேரம்! அந்த நேரத்தைப் பறிக்கிறவன் அவன் உயிரைப் பறிக்கிறான்!" என்று கையை ஓங்கிக்கொண்டிருந்தார். சனம் கைதட்டியது. நிருஷனும் தட்டினான். பாவம், நல்ல வளர்ப்பு.

கைதட்டிக்கொண்டே என் பக்கம் சாய்ந்தான். "மாமா, பேச்சு இன்னும் கனக்கவோ?"

"கொஞ்சம்தான் தம்பி."

எனக்குத் தெரியாது. ஆனால் மேடையில் இருக்கிறவனுக்குப் பொய் தானாக வருகிறது.

கமக்காரர் அமைப்புப் பேசியது. தேசிய அணியில் நேரம் கிடைக்காததும் வாய்க்காலில் தண்ணீர் கிடைக்காததும் ஒன்றுதான் என்று சொல்லி, மிச்ச நேரம் முழுக்க வாய்க்காலைப் பற்றிப் பேசியது. மாதர் சங்கத் தலைவி பத்மாசனி வந்தா. "எனக்குப் பேசத் தெரியாது," என்றா. அதை நிரூபிக்க நீண்ட நேரம் எடுத்துக்கொண்டா. வர்த்தகர் சங்கத்தின் சார்பில் ஆதம்பாவா வந்தார். தேத்தண்ணிக் கடையில் இரண்டு சொல்லில் முடிக்கிற மனிதர். ஒலிவாங்கி கையில் பட்டதும் அவருக்கும் ஏதோ ஆகிவிட்டது. "எட்டு நிமிசத்தில் முட்டைதான் அவியும், மனுசன் அவிய மாட்டான்," என்று உணர்ச்சியோடு சொன்னார். சனம் எழும்பி நின்று தட்டியது. அதனால் அதையே இன்னொருமுறை சொன்னார்.

மரண உதவிச் சங்கத்தின் பிரதிநிதி மாலையோடு வந்தார். பழக்கதோசத்தில் நிருஷனின் அரிய குணங்களை எல்லாம் இறந்தகாலத்தில் சொன்னார். "எல்லாரோடும் அன்பாகப் பழகினான்," என்றபோது கீழே இருந்த இரண்டு கிழவிகள் அழத் தொடங்கினார்கள்.

இதற்கிடையில் இரஞ்சிதம் மேடைக்குப் பின்பக்கமாக வந்து என் சேட்டுக் கையைப் பிடித்து இழுத்தா.

"அண்ணை, உவன் இருந்து இருந்து கால் விறைச்சுப் போச்சு எண்டுறான். இதுக்கே வந்தவன்? விளையாட விடச் சொல்லுங்கோவன்."

"நிகழ்ச்சி நிரலிலை இன்னும் நாலு பேர் இருக்கினம் பிள்ளை."

"அப்ப வெய்யிலையும் அந்த நிரலிலை போட்டனீங்களோ? இருட்டாதே எண்டு அதுக்குச் சொன்னனீங்களோ?"

அவாவுக்குச் சபை நாகரிகம் தெரியாது. நான் திரும்பி நேரே பார்த்துக்கொண்டு இருந்தேன். நிருஷன் மாலைக்குப் பின்னால் குனிந்து, கதிரைக்குக் கீழே சப்பாத்தைக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டி முடித்தான். பிறகு அவிழ்த்தான். திரும்பக் கட்டினான்.

"இப்போது காப்பாளர் உரை!" என்றான் பிரதீபன்.

எனக்கு உரை இருப்பதாக ஒருவரும் சொல்லவில்லை. மறுத்திருக்கலாம். ஆனால் எல்லாரையும் இறக்கி என்னை மட்டும் இருத்தி வைத்தால் அதுவும் ஒரு நேர மறுப்புத்தானே? எழும்பினேன். பந்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதனால் நெல் விலையைப் பற்றிப் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன் என்று சொன்னார்கள். அதை மட்டும் நான் நம்பினேன்.

ஒருவழியாக நன்றியுரையும் முடிந்தது. சூரியன் பனங்கூடலைத் தொட்டுக்கொண்டிருந்தது. நிருஷன் மேடையால் ஒரே பாய்ச்சலில் குதித்தான்.

"நில்லு, நில்லு!" என்று அப்புத்துரை கத்தினார். "வீரர்கள் அறிமுகம் நடக்கேல்லை."

ஆட்டத்துக்கு முன் இரண்டு அணியும் வரிசையில் நிற்கும். பிரதம விருந்தினர் ஒவ்வொருவராகக் கைகுலுக்கிக்கொண்டு போவார். அது முறை. இங்கே ஒரு சிக்கல் வந்தது. பிரதம விருந்தினரும் நிருஷன். வரிசையில் நிற்க வேண்டிய வீரனும் நிருஷன்.

"அவன் வரிசையிலை நிண்டால் ஆர் கைகுடுக்கிறது?" என்றான் பிரதீபன்.

"அவன் கைகுடுத்தால் வரிசையிலை ஒராள் குறையுது," என்றார் பொருளாளர்.

"கைகுடுக்காமலே விளையாடுறம் அண்ணை," என்றான் நிருஷன். குரல் கெஞ்சியது. "பொழுது படுது."

"சம்பிரதாயம் எண்டு ஒண்டு இருக்குது தம்பி."

மைதானத்தின் நடுவில் ஒரு சிறு கூட்டம் கூடியது. அப்புத்துரை தன் அனுபவம் முழுவதையும் பாவித்துத் தீர்ப்புச் சொன்னார்: நிருஷன் விருந்தினராக எல்லாருக்கும் கைகொடுத்துக்கொண்டு வர வேண்டும்; கடைசி ஆளுக்குக் கொடுத்ததும் சட்டென்று அவனுக்குப் பக்கத்தில் வீரனாக நிற்க வேண்டும்; அப்போது தலைவர் வந்து அவனுக்குக் கைகொடுப்பார். மிகச் சிறந்த தீர்ப்பு. இரண்டு தரம் ஒத்திகை பார்த்தார்கள்.

"ஐயா, கடல் எங்களுக்காக நிக்காது," என்றான் சுகிர்தன்.

பிறகு பிரதம விருந்தினர் முதல் உதையை உதைத்து ஆட்டத்தைத் தொடக்கி வைத்தார். பொன்னாடையோடு உதைக்க வேண்டும் என்று சொன்னதால் பொன்னாடையோடு உதைத்தார். படம் சரியாக வரவில்லை என்றான் பிரதீபன். திரும்ப உதைத்தார். வெளிச்சம் காணாது என்றான். இருக்கிற வெளிச்சமும் போவதற்குள் விடடா என்று எனக்கே வாயில் வந்தது.

விசில் ஊதியது. பொன்னாடையைக் கழற்றித் தாயிடம் எறிந்துவிட்டு நிருஷன் ஓடினான்.

அந்த ஒன்றை மட்டும் நான் கேலியாகச் சொல்ல மாட்டேன். பந்து அவனிடம் வந்தது. இரண்டு நாயாற்றுப் பொடியங்கள் நெருங்கினார்கள். அவன் பந்தைப் பார்க்கவில்லை, அவர்களையும் பார்க்கவில்லை. எங்கேயோ தூரத்தில், ஒருவரும் இல்லாத ஒரு இடத்தைப் பார்த்தான். காலின் வெளிப்பக்கத்தால் மெல்லத் தட்டினான். பந்து போய் அந்த வெறும் இடத்தில் சேர்ந்த அதே நேரம் எங்கள் பொடியன் ஒருவன் ஓடிவந்து அங்கே நின்றான். அவன் வருவான் என்று இவனுக்கு எப்படித் தெரியும்? கச்சான் கடலை விற்கிறவன்கூட விற்பதை நிறுத்திவிட்டான். அவ்வளவு நேரமும் தட்டின கைகள் ஒன்றும் தட்டவில்லை. சனம் மூச்சை மட்டும் விட்டது.

ஒரு பீடி பிடித்து முடிக்கிற நேரம் ஓடியிருப்பான். அதற்குள் பந்து எது, தலை எது என்று தெரியாத அளவுக்கு இருட்டிவிட்டது. நடுவர் நீளமாக ஊதினார். நாயாற்று அணி கைகொடுத்துவிட்டு வாகனத்தில் ஏறியது. நிருஷன் நடுமைதானத்தில் அப்படியே நின்றான்.

"என்ன தம்பி, விழா எப்பிடி?" என்று பிரதீபன் தோளில் தட்டினான்.

"நல்லா இருந்ததண்ணை."

"கால் எப்பிடி?"

"தெரியேல்லை அண்ணை. அதைத்தான் பாக்க வந்தனான்."

இரஞ்சிதம் பொன்னாடைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தா. பதினொன்று இருந்தன. "ஒரு ரீமுக்கே ஆளுக்கொண்டாக் காணும்," என்று சொல்லிவிட்டு, எங்கள் ஒருவர் முகத்தையும் பாராமல் மகனைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனா.

திரும்பிப் போனதும், முழு ஆட்டம் விளையாடினாயா, கால் தாங்கியதா என்று பயிற்றுநர் கேட்டிருக்கிறார். ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியும்? அவன் அப்படிச் சொல்லவில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளை ஆனாலும் உண்மையைச் சொல்லிவிட்டான். அடுத்த ஆட்டத்தில் அவனைத் துவக்கத்திலும் இறக்கவில்லை, முடிவிலும் இறக்கவில்லை. சனம் செருப்பைத் தேடின நேரத்திலும் வாங்கில்தான் இருந்தான்.

கழகம் கொதித்தெழுந்தது. எட்டு நிமிடமும் போய்விட்டதே! அவசரக் கூட்டம் கூடியது. கண்டாவளைச் சந்தியில் கவனயீர்ப்புப் போராட்டம் நடத்துவதென்று முடிவாகியது. பெரிய பதாகை ஒன்று அடிக்க வேண்டும். அதில் நிருஷன் பந்தோடு பாய்கிற படம் இருக்க வேண்டும் என்றார் அப்புத்துரை.

எல்லாரும் தங்கள் தங்கள் தொலைபேசியைத் தட்டினார்கள். ஊர்வலம் இருந்தது. விளக்கு இருந்தது. ஒவ்வொரு சங்கமும் பேசுகிற படம் கோணத்துக்கொன்றாக இருந்தது. நிருஷன் உதைக்கிற படங்களில் கறுப்பு மட்டும் இருந்தது. பந்தோடு அவன் நிற்கிற படம் ஊரிலேயே ஒருவரிடமும் இல்லை.

"பரவாயில்லை, இருக்கிறதிலை வடிவானதை அனுப்பு," என்றார் தலைவர். பிரதீபன் படத்தையும் வசனத்தையும் கிளிநொச்சி அச்சகத்துக்கு அனுப்பிவிட்டான்.

அடுத்தநாள் சந்தியில் பதாகையை விரித்தோம். பரந்தன் பக்கம் போகிற பஸ் ஒன்று வேகத்தைக் குறைத்தது. நடத்துநர் வாசலில் தொங்கிக்கொண்டு உரத்து வாசித்தான்: "எங்கள் மண்ணின் மைந்தனை விளையாட விடாமல் இருத்தி வைத்தவர்கள் யார்?"

வாசித்துவிட்டுப் படத்தைப் பார்த்தான். நிருஷன் கழுத்து மறைய மாலையோடு நடுக்கதிரையில் இருக்கிறான். காலில் சப்பாத்துக் கட்டியபடி இருக்கிறது. அவனுக்கு இரண்டு பக்கமும் தலைவர், செயலாளர், பொருளாளர், சங்கங்கள் எல்லாம் வரிசையாக இருக்கிறார்கள். நடத்துநர் படத்தில் இருந்த முகங்களைப் பார்த்தான். பதாகையைப் பிடித்துக்கொண்டு நின்ற எங்கள் முகங்களைப் பார்த்தான். பஸ்ஸுக்குள் திரும்பி ஏதோ சொன்னான். பஸ் முழுக்கச் சிரித்துக்கொண்டு போனது.

எழுத்தில் இருப்பதை நான் ஒருநாளும் நம்பியதில்லை என்று சொன்னேன் அல்லவா? இந்தப் பதாகையை நம்பலாம். கிளிநொச்சியில் நல்ல மெஷின் வைத்திருக்கிறார்கள். ஒரு முகம்கூடத் தவறவில்லை. நிருஷனுக்கு இடப்பக்கம், இரண்டாவது கதிரையில் வாயைத் திறந்தபடி தூங்குகிறவன் நான்.